கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கும் அந்துப்பூச்சி: அட்லஸா, தாப்ரபானிஸா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு ஆச்சி கேட்டிருக்கிறார். கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்:

"எங்கள் ஐயா சின்ன வயதில் கொழும்பிலும் பிறகு பினாங்கிலும் கடையில் இருந்தவர். அவர் கொண்டுவந்த கண்ணாடிச் சட்டம் ஒன்று இரண்டாம் கட்டுச் சுவரில் இன்னும் தொங்குகிறது. உள்ளே செம்பழுப்பு நிறத்தில் ஒரு பெரிய பூச்சி, ஒரு சாணுக்கும் மேல் இருக்கும். கீழே ஆங்கில எழுத்தில் 'அட்டகஸ் அட்லஸ்' என்று மையால் எழுதியிருக்கிறது. காலேஜில் படிக்கும் என் மகன், சிலோனில் இருப்பது அட்லஸே கிடையாது, அது 'அட்டகஸ் தாப்ரபானிஸ்', எழுதியிருப்பது தப்பு என்கிறான். அப்பத்தா இதைப் பட்டுப்பூச்சி என்றுதான் சொல்வார். யார் சொல்வது சரி? சட்டத்தைச் செல் அரித்துவிட்டது. புதுச் சட்டம் போட்டு, சரியான பெயரை எழுதி மாட்ட நினைக்கிறோம்."

ஆச்சி, முதலில் ஒரு வேண்டுகோள். புதுச் சட்டம் போடும் வேலையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சட்டத்தின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் காகிதம், அட்டை, பூச்சியைக் குத்தியிருக்கும் ஊசி, எதையும் கழற்றிப் போட்டுவிட வேண்டாம். உங்கள் கேள்விக்கு விடை பூச்சியின் சிறகில் இருப்பதைவிட அந்தக் காகிதத்தில் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது சிலோனில் பிடித்த பூச்சி என்றால் மகன் சொல்வது சரி. மலேயாவில் பிடித்தது என்றால் எழுதியிருப்பது சரி. எங்கே பிடித்திருந்தாலும் அப்பத்தா சொல்வது சரி. அவர் சொன்னதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் வகைப்பாட்டின் பெரிய கிளையை அவர்தான் தொட்டிருக்கிறார்.

நாம் 'அந்துப்பூச்சி' என்று பொதுப்பெயராக வைத்திருக்கும் சொல், உண்மையில் நெல் மூட்டையில் விழும் அந்துக்கு உரியது. நெல் கொட்டி வைக்கும் குதிரைத் திறந்தால் பொடிப் பொடியாகப் பறக்குமே, வைக்கோல் நிறத்தில், நகக்கண் அளவுகூட இல்லாமல், அது. விளக்கைச் சுற்றி விழுவதை விட்டில் என்கிறோம். பாடப்புத்தகம் எழுதியவர்கள் இந்தக் கூட்டம் முழுவதற்கும் ஒரு சொல் வேண்டும் என்று அந்துப்பூச்சியை எடுத்துக்கொண்டார்கள். அதனால் அரிசியில் விழும் அந்துவும் உங்கள் சுவரில் தொங்குவதும் ஒரே பெயருக்குள் வந்துவிட்டன. இரண்டுக்கும் சிறகில் செதில் உண்டு, இரண்டும் செதிலிறகிகள் என்ற ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அதற்குமேல் நெருக்கம் எதுவும் இல்லை.

அப்பத்தா சொன்ன 'பட்டுப்பூச்சி' இன்னும் பொருத்தமான பெயர். இந்தப் பூச்சியின் குடும்பம் சாட்டர்னிடே. காட்டுப் பட்டுப்பூச்சிகளின் குடும்பம் இது. தசர் பட்டும் முகா பட்டும் தருகிற பூச்சிகள் இதில்தான் வரும். அசாமில் ஆமணக்கு இலை போட்டு வளர்க்கிறார்களே, எரி பட்டு, அந்தப் பூச்சி உங்கள் அட்டகஸுக்கு இன்னும் நெருக்கம். குடும்பத்துக்குள் அட்டசினி என்கிற ஒரே கிளையைச் சேர்ந்தவை இரண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு நூல் தருகிற மல்பெரிப் பட்டுப்பூச்சியோ பாம்பிசிடே என்ற வேறு குடும்பம். அட்டகஸின் கூட்டிலும் பட்டு உண்டு. பழுப்பு நிறம், முரட்டு நூல், மல்பெரிக் கூடு மாதிரி ஒரே இழையாக உருவ வராது. தைவானில் அந்தக் கூட்டையே சின்னக் காசுப்பையாக வைத்துக்கொள்வார்கள்.

ஒரு விஷயத்தை உங்கள் மகனுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வளர்ந்த அட்டகஸுக்குச் சாப்பிட வாய் கிடையாது. உறிஞ்சுகுழல் வளராமலே சுருங்கிப் போயிருக்கும். புழுவாக இருக்கும்போது தின்றதுதான் ஆயுளுக்கும் ஆகாரம். புழு அரைச் சாண் நீளம் வரை வளரும். பச்சை உடம்பில் மாவு பூசியதுபோல வெள்ளைப் பொடி படிந்திருக்கும். கொய்யா, எலுமிச்சை வகைகள், இலவங்கப்பட்டை என்று பல மரத்து இலைகளையும் தின்னும். கூட்டைவிட்டு வந்தபின் ஒரு வாரம், மிஞ்சினால் இரண்டு வாரம். பெண் ஒரு கிளையில் உட்கார்ந்து வாசனையைக் காற்றில் விடும், ஆண் தன் இறகு போன்ற உணர்கொம்பால் அதை வெகுதூரத்திலிருந்து பிடித்து வந்து சேரும். முட்டையிட்டதும் முடிந்தது. இதை இப்போதே சொல்லிவைக்கக் காரணம் உண்டு. தீவுகளைப் பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

சரி, பெயருக்கு வருவோம்.

1758-ல், உயிர்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ், தன் 'சிஸ்டமா நேச்சுரே' நூலின் பத்தாம் பதிப்பில் இந்தப் பூச்சிக்கு 'ஃபலீனா அட்லஸ்' என்று பெயர் வைத்தார். அவர் காலத்தில், பருந்து அந்து போன்ற சிலவற்றைத் தவிர, அந்துப்பூச்சிகள் எல்லாம் ஃபலீனாதான், ஒரே ஒரு பேரினம் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பு). 1767-ல் வந்த பன்னிரண்டாம் பதிப்பில் அதற்குள் 'அட்டகஸ்' என்று ஒரு பிரிவு ஏற்படுத்தினார். பின்னால் அந்தப் பிரிவே தனிப் பேரினம் ஆகிவிட்டது. அதனால்தான் இன்று முழுப்பெயரை எழுதும்போது 'அட்டகஸ் அட்லஸ்' என்று போட்டு, லின்னேயஸ் பெயரையும் 1758 என்ற ஆண்டையும் அடைப்புக் குறிக்குள் எழுதுகிறோம். அடைப்புக் குறி அழகுக்காகப் போடுவதில்லை. 'பெயர் வைத்தவர் இவர்தான், ஆனால் அவர் வைத்தபோது இது வேறு பேரினத்தில் இருந்தது' என்று அதற்கு அர்த்தம்.

தாப்ரபானிஸுக்கு அடைப்புக் குறி கிடையாது. 'அட்டகஸ் தாப்ரபானிஸ் மூர், 1882' என்று நேரடியாக எழுதுவோம், ஏனென்றால் ஃபிரெடெரிக் மூர் அதை அட்டகஸ் என்றே விவரித்தார், இன்றும் அது அங்கேயே இருக்கிறது. மூர் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்ந்து பூச்சி படித்தவர். சிலோன் வண்ணத்துப்பூச்சிகள், அந்துப்பூச்சிகள் பற்றி 1880 முதல் 1887 வரை மூன்று பெரிய தொகுதிகள் வெளியிட்டார். அதன் வண்ணப் படங்களுக்கு மூலம் பேராதனைத் தாவரத் தோட்டத்தில் வரையப்பட்டவை. தோட்டத்தின் தலைவராக இருந்த த்வெயிட்ஸ் மேற்பார்வையில், டி அல்விஸ் குடும்பத்துச் சகோதரர்களான வில்லியமும் ஜார்ஜும் வரைந்தார்கள். அவர்களுடைய அப்பாவும் அந்தத் தோட்டத்து ஓவியர். நூலின் அட்டையில் மூர் பெயர்தான் இருக்கிறது. புழுவையும் கூட்டையும் உயிரோடு பார்த்து, நிறம் மாறுவதற்குள் தாளில் இறக்கிய அந்தச் சகோதரர்கள் இல்லாமல் அந்த நூல் பாதி நூல்தான் என்பது என் எண்ணம்.

தாப்ரபானிஸ் என்ற சொல்லை நம் ஆட்கள் ரசிக்க வேண்டும். தாப்ரபேன் என்பது இலங்கைக்குக் கிரேக்கர்கள் வைத்திருந்த பெயர். பாலியில் தம்பபண்ணி, வடமொழியில் தாம்ரபர்ணி, அதுதான் கிரேக்க வாயில் அப்படி ஆயிற்று. நம் திருநெல்வேலி ஆற்றுக்கும் அதே பெயர். ஆக மூர் இந்தப் பூச்சிக்கு இட்ட பெயருக்கு 'இலங்கைக்காரன்' என்று பொருள். பெயரிலேயே ஊர் இருக்கிறது.

ஊரை வைத்துப் பிரிவைச் சொல்வது உங்களுக்குப் புதிதல்ல ஆச்சி. ஒரு வீட்டாரைப் பற்றிக் கேட்டால் முதலில் எந்தக் கோயில் என்பீர்கள். நகரத்தாரின் ஒன்பது கோயிலில் ஒன்று. ஒரே கோயில் என்றால் பங்காளி. இளையாத்தங்குடி என்றோ மாத்தூர் என்றோ சொன்னால் அதோடு விடமாட்டீர்கள், உள்ளே எந்தப் பிரிவு என்று கேட்பீர்கள். ஒக்கூருடையாரா, உறையூரா, மணலூரா? அந்தப் பிரிவுப் பெயர்கள் எல்லாம் ஊர்ப்பெயர்கள். கடைசியில் எந்த ஊர், என்ன விலாசம் என்று கேட்டு வீட்டைப் பிடித்துவிடுவீர்கள். குடும்பம், பேரினம், சிற்றினம் என்று நாங்கள் படிக்கட்டு கட்டுவதும் இந்தக் கணக்குத்தான். ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. உங்கள் கணக்கில் ஒவ்வொரு புள்ளியும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும், கோயில் ஏட்டில் பதிவாகிறது. பூச்சிக்கு ஏடு எழுதியவர் யாரும் இல்லை. சிறகு, உடல் உறுப்பு, கிடைத்த ஊர் ஆகியவற்றை வைத்து நாம்தான் பின்னோக்கிப் படிக்க வேண்டும்.

இதில் ஊர் ஏன் இவ்வளவு முக்கியம்? இதுதான் எனக்கு இந்தப் பேரினத்திலேயே மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டகஸ் பேரினத்தின் வரைபடத்தைப் பாருங்கள். இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா, பர்மா, தென்சீனா, தைவான், மலேயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ வரை ஒரே அட்லஸ். அத்தனை பெரிய பரப்பு, நடுவில் எத்தனையோ கடல், ஆனாலும் ஒரே சிற்றினம். அங்கிருந்து கொஞ்சம் கிழக்கே போனால் தீவுக்குத் தீவு பெயர் மாறுகிறது. பிலிப்பைன்ஸில் சீஸர் என்று ஒன்று, லார்குவினி என்று ஒன்று. பலவான் தீவில் லெமேரி. சுலவேசியில் எரிபஸ். தைமூர்ப் பக்கம் டோஹெர்ட்டி. இந்தோனேசியாவின் காய் தீவுகளில் ஆரஞ்சு நிறத்தில் அவுரான்டியாகஸ். ஆஸ்திரேலியாவின் வடக்கு ஓரத்தில் வார்டி. இந்தப் பக்கம் நம் அந்தமானில் மக்முல்லனி, 1914-ல் வாட்சன் என்ற ஆய்வாளர் பெயர் வைத்தது.

மலேயாவுக்கும் போர்னியோவுக்கும் நடுவே பெரிய கடல் இருக்கிறதே, அங்கே ஏன் மாறவில்லை? அந்தக் கடலில் ஆழம் கிடையாது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது மலேயா, சுமத்ரா, ஜாவா, போர்னியோ எல்லாம் ஒரே நிலம். அந்த நிலத்தில் பூச்சியும் அதன் மரங்களும் ஒன்றோடொன்று கலந்து கிடந்தன. கடல் ஏறியது நேற்று நடந்தது மாதிரி; பிரிந்து வேறாவதற்கு அந்தக் காலம் பற்றவில்லை. சுலவேசியைச் சுற்றி ஆழ்கடல். அந்தமானைச் சுற்றியும் ஆழம் அதிகம், கடல் இறங்கியபோதும் அது தீவாகவே நின்றது. அங்கே போய்ச் சேர்ந்த அட்டகஸ் தனியாகவே பெருகி, தனிச் சிற்றினம் ஆகிவிட்டது.

இப்போது அந்த வாயில்லாப் பூச்சியை நினைத்துக்கொள்ளுங்கள். வழியில் ஓரிடத்தில் இறங்கித் தேன் குடித்துவிட்டுத் தொடரலாம் என்ற வசதி அதற்குக் கிடையாது. ஒரு வாரத்துக்கான எரிபொருளோடு பிறக்கிறது. அந்த ஒரு வாரத்தில் துணையைத் தேட வேண்டும், முட்டை சுமந்த கனத்த பெண் மரம் தேட வேண்டும். இப்படிப்பட்ட ஜீவன் கடல் தாண்டுவது அரிது. அதனால்தான் இந்தப் பேரினத்தின் வகைப்பாட்டைப் படிக்க விரும்புகிறவர் பூச்சிப் புத்தகத்தோடு கடல் ஆழ வரைபடத்தையும் பக்கத்தில் விரித்துக்கொள்ள வேண்டும் என்று மாணவர்களிடம் சொல்வேன்.

இலங்கைக்கு வந்தால் ஒரு கேள்வி எழும். பாக் நீரிணை ஆழமே இல்லாத கடல், பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டர்கூடத் தேறாது. கடல் இறங்கிய காலத்தில் இலங்கை நம்மோடு சேர்ந்த நிலம். அப்படியானால் இலங்கைக்குத் தனிச் சிற்றினம் எப்படி வரும்?

வராது; வரவும் இல்லை. தாப்ரபானிஸ் இலங்கையில் மட்டும் இருப்பதல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளிலும் இருப்பது அதுதான். கேரளத்திலோ நம் மலைப் பகுதியிலோ யாராவது வீட்டுச் சுவரில் ராட்சத அந்துப்பூச்சியைப் பார்த்துப் படம் எடுத்தால், செய்தியில் 'அட்லஸ் அந்துப்பூச்சி' என்றுதான் வரும். அது தாப்ரபானிஸ். பெயரில் இலங்கை இருந்தாலும் வீடு இரண்டு பக்கமும் உண்டு. கொழும்பில் கடையும் இங்கே வீடுமாக இருந்தார்களே உங்கள் ஐயா தலைமுறை, அந்த மாதிரி.

அது சரி, அப்போது தாப்ரபானிஸும் அட்லஸும் எப்படிப் பிரிந்தன? இமயத்துக்கும் நம் மேற்கு மலைக்கும் நடுவில் கடல் எதுவும் இல்லையே?

இருக்கிறது. தக்காணம். மழை குறைந்த, மரம் குட்டையான, மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் நிலம். ஈரக் காட்டுப் பூச்சிக்கு அதுவும் கடல்தான். மேற்குத் தொடர்ச்சி மலை வறண்ட நிலத்துக்கு நடுவே நிற்கிற தீவு. தீவு என்றால் சுற்றிலும் தண்ணீர் இருக்க வேண்டும் என்பது மனிதர் கணக்கு. பூச்சிக்குத் தான் கடக்க முடியாதது எதுவோ அது கடல். நம் செம்மண்ணும் செம்புறாங்கல்லும் கருவேலமும் நிறைந்த சீமை அந்தக் கடலின் ஒரு மூலை. அதனால் உங்கள் சட்டத்துப் பூச்சி செட்டிநாட்டில் பிடித்ததாக இருக்கும் என்ற எண்ணத்தை முதலிலேயே தள்ளிவிடலாம். இத்தனை வருஷத்தில் காரைக்குடி, திருப்பத்தூர், பிள்ளையார்பட்டி சுற்றுவட்டாரத்தில் இரவு விளக்கு கட்டிப் பார்த்த எந்த இடத்திலும் நான் அட்டகஸைக் கண்டதில்லை. அரளிச் செடியில் வளரும் பச்சைப் பருந்து அந்து வரும், இன்னும் எத்தனையோ வரும். இது வராது.

எல்லா அறிஞர்களும் தாப்ரபானிஸைத் தனிச் சிற்றினமாக ஏற்றுக்கொண்டார்களா என்றால், வெகுகாலம் இல்லை. அட்லஸின் ஒரு வடிவம் என்றும், துணைச் சிற்றினம் என்றும் எழுதியவர்கள் உண்டு. பழைய சேகரிப்புகளில் சிலோன் பூச்சிக்கும் அட்லஸ் என்றே சீட்டு இருக்கும். ஆகவே உங்கள் சட்டத்தில் அட்லஸ் என்று இருப்பதை வைத்து அது சிலோன் பூச்சி இல்லை என்று சொல்லிவிட முடியாது. எழுதியவர் தன் காலத்து வழக்கப்படி எழுதியிருக்கலாம். 'தப்பு' என்ற சொல்லை உங்கள் மகன் கொஞ்சம் நிதானித்துப் பயன்படுத்த வேண்டும்.

1989-ல் ரிச்சர்ட் பெய்க்லர் என்ற அமெரிக்க அறிஞர் அட்டகஸ் பேரினம் முழுவதையும் மறுபடி எடுத்து ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார். தாப்ரபானிஸ் தனிச் சிற்றினமாக நிலைபெற்றதற்கு அது முக்கியக் காரணம். இதே பேரினத்திலிருந்து வெளியே போனவையும் உண்டு. இமயத்தில் இருக்கும், கறுப்பு கலந்த செந்நிறத்தில் எட்வர்ட்சி என்று ஒன்று, பார்த்தால் அட்டகஸ் போலவே இருக்கும். அதை 1914-ல் வாட்சன் 'ஆர்க்கியோஅட்டகஸ்' என்று தனிப் பேரினமாகப் பிரித்துவிட்டார். வகைப்பாடு என்பது ஒரு தடவை எழுதி முடித்த பத்திரம் இல்லை, திருத்திக்கொண்டே வருவது.

இனி உங்கள் சட்டத்துக்கு வருவோம். சிறகைப் பார்த்தே சொல்லிவிட முடியாதா என்று கேட்பீர்கள். அட்டகஸ் என்று சொல்லலாம், சந்தேகமில்லாமல். நான்கு சிறகிலும் முக்கோணமாகக் கண்ணாடி மாதிரி ஒரு பகுதி இருக்கும், அங்கே செதில் கிடையாது, வெளிச்சம் ஊடுருவும். முன்சிறகு முனை வளைந்து பாம்புத் தலை போல இருக்கும், கண் மாதிரி ஒரு பொட்டும் உண்டு. சீனத்தில் கான்டன் பக்கம் இதற்குப் பாம்புத்தலை அந்து என்றே பெயர். இவ்வளவும் இருந்தால் அது இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அட்லஸா தாப்ரபானிஸா என்பதைப் புகைப்படத்தைப் பார்த்து அடித்துச் சொல்கிறவரை நான் நம்பமாட்டேன். ஒரே ஊரில் பிடித்த இரண்டு பூச்சிகளே நிறத்தில் மாறும். முக்கோணத்துக்குப் பக்கத்தில் குட்டியாக இன்னொரு கண்ணாடிப் பகுதி சிலதில் இருக்கும், சிலதில் இருக்காது. அதோடு எத்தனையோ வருஷம் வளவு (முற்றம்) வெளிச்சத்தில் தொங்கிய பூச்சியின் நிறத்தில் எது பிறந்த நிறம், எது வெளுத்த நிறம்? அதனால்தான் இந்தத் துறையில் உள்ளவர்கள் ஆண் பூச்சியின் வயிற்று நுனியில் இருக்கும் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். சிற்றினத்துக்குச் சிற்றினம் அந்த உறுப்பின் வடிவம் மாறும். இப்போது மரபணுவும் துணைக்கு வந்திருக்கிறது, அதற்கு ஒரு கால் போதும்.

ஆகவே உங்களுடையது ஆணா பெண்ணா என்று முதலில் பாருங்கள். தலையில் இருக்கும் உணர்கொம்பு அகலமாக, பறவை இறகு போல விரிந்திருந்தால் ஆண். ஒடுங்கியிருந்தால் பெண். பெண்ணின் வயிறும் பெரிது, சிறகும் பெரிது. சட்டம் போட்டு விற்கிறவர்கள் பெரும்பாலும் பெண்ணைத்தான் எடுப்பார்கள், பார்வையாக இருக்கும் என்று. வயிறு காய்ந்து ஒடிந்து சட்டத்தின் அடியில் விழுந்து கிடக்கலாம். தூசி என்று தட்டிவிடாதீர்கள். ஒரு சின்ன டப்பியில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடையாளமே அதில் இருக்கலாம். முனைக்கு முனை அளவும் எடுத்துக் குறித்துவையுங்கள். 24, 25 செ.மீ. வழக்கமான பெரிய அளவு. ஜாவாவில் கிடைத்த ஒன்று 26.2 செ.மீ. இருந்ததாகப் பதிவு உண்டு.

அடுத்தது பின்பக்கம். அந்தக் காலத்தில் சட்டம் போடுகிறவர்கள் பின்னால் பழைய செய்தித்தாளைப் பசை போட்டு ஒட்டுவார்கள். எந்தப் பத்திரிகை என்று பாருங்கள். வீரகேசரி என்றால் கொழும்பு. 1930-ல் நம் ஆவணிப்பட்டி சுப்பிரமணியன் செட்டியார் தொடங்கிய பத்திரிகை அது. தமிழ் நேசன் என்றால் கோலாலம்பூர், மலேயா. தமிழ் முரசு என்றால் சிங்கப்பூர். ஆங்கிலத் தாளாக இருந்தாலும் விளம்பரத்தில் தெருப்பெயர் இருக்கும். கடை முத்திரை, சட்டம் போட்டவர் சீட்டு, பென்சிலில் கிறுக்கிய விலை, எதுவாக இருந்தாலும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். விலை ரூபாயில் இருக்கிறதா, மலேயா வெள்ளியில் (டாலரில்) இருக்கிறதா என்பதே பாதி விடை.

அப்புறம் ஏடுகள். உங்கள் ஐயா கடையில் இருந்தவர் என்றால் நாள்வழி, பேரேடு, ஊருக்கு எழுதிய கடிதம் ஏதாவது பெட்டகத்தில் இருக்கும். ஊருக்குத் திரும்பும்போது வாங்கிவந்த சாமான்களுக்குக் கணக்கு எழுதாத செட்டியாரை நான் கேள்விப்பட்டதில்லை. கண்ணாடி என்றோ படம் என்றோ பூச்சி என்றோ ஒரு வரி அகப்படலாம். அப்பத்தாவிடமும் கேளுங்கள். 'இது எங்கே வாங்கியது' என்று நேராகக் கேட்டால் ஞாபகம் வராமல் போகலாம். 'இது வந்தபோது வேறு என்னவெல்லாம் வந்தது' என்று கேளுங்கள். கூடவே வந்த பீங்கானும் பெட்டியும் அவருக்கு நினைவிருக்கும், அதிலிருந்து ஊரைப் பிடிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. வாங்கிய ஊரும் பிடித்த ஊரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. 1960-களிலும் 70-களிலும் தைவானிலிருந்து பூச்சிகள் ஏராளமாக ஏற்றுமதியாயின. பினாங்குக் கடையில் வாங்கியது தைவான் பூச்சியாகவும் இருக்கலாம். உங்கள் விஷயத்தில் இது அதிகம் பாதிக்காது, தைவானில் இருப்பதும் அட்லஸ்தான். ஆனால் கொழும்புக் கடையில் வாங்கியதாகத் தெரிந்தால், சிலோனில் பிடித்ததுதானா என்று இன்னும் ஒரு சான்று தேட வேண்டும்.

பின்பக்கக் காகிதத்தைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பல வருஷத்துக்கு முன் நான் பாடம் எடுத்த ஒரு கல்லூரியில் பழைய பூச்சிப் பெட்டிகள் இருந்தன. ஒவ்வொரு ஊசியிலும் நகத்தளவு சீட்டு, அதில் பொடி எழுத்தில் ஊர், தேதி. ஒரு சமயம் பார்வையிட ஆட்கள் வருகிறார்கள் என்று ஆய்வகத்தைச் சுத்தம் செய்தார்கள். மஞ்சளாகிப்போன சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு, வெள்ளை அட்டையில் அழகாக அச்சடித்த பெயர்களை வைத்தார்கள். நான் விடுப்பு முடிந்து வந்து பார்த்தபோது பெட்டி பளிச்சென்று இருந்தது. ஊர் ஒன்றுகூட இல்லை. எதை எங்கே எந்த வருஷம் பிடித்தார்கள் என்பது போனது போனதுதான். அதில் அட்டகஸும் ஒன்று இருந்தது. குற்றாலமா, அந்தமானா, மலேயாவா? எனக்கு இன்றுவரை தெரியாது. அச்சடித்த பெயரை எப்போது வேண்டுமானாலும் மறுபடி அடிக்கலாம். அந்தப் பொடி எழுத்தைத் திரும்ப எழுத யாராலும் முடியாது.

சட்டத்தைக் கடைசியில் மாற்றத்தான் வேண்டும், செல் அரித்ததை அப்படியே விட முடியாது. முன்னும் பின்னும் படம் எடுத்த பிறகு, பழைய காகிதத்தை ஈரப்படுத்தாமல், வந்த அளவுக்குப் பெயர்த்து ஓர் உறையில் போடுங்கள். பூச்சியைச் சிறகில் தொடாதீர்கள், ஊசியைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். புதுச் சட்டத்தின் அடியில் தெர்மோகோல் வைத்து நாப்தலீன் உருண்டையும் போடுகிறார்கள், அது கூடாது. நாப்தலீன் ஆவி தெர்மோகோலை இளக்கி ஊசியில் ஒட்டவைத்துவிடும். தக்கையோ கனமான அட்டையோ போதும். கண்ணாடி ஓரம் இடைவெளி இல்லாமல் இறுக்கமாக இருக்கட்டும், காய்ந்த பூச்சியைத் தின்னும் குட்டி வண்டு ஒன்று உள்ளே போனால் ஒரு மழைக்காலத்தில் பொடியாக்கிவிடும். மாட்டுவதை வளவில் மாட்டாதீர்கள், வெயில் விழாத உள்சுவரில் மாட்டுங்கள்.

பெயர்ச் சீட்டு எழுதும் வேலையை மகனிடமே கொடுங்கள். ஊர் உறுதியாகும்வரை அவர் 'தாப்ரபானிஸ்' என்று எழுத வேண்டாம். 'அட்டகஸ், சிற்றினம் உறுதியாகவில்லை. கொழும்பு அல்லது பினாங்கிலிருந்து ஐயா கொண்டுவந்தது' என்று எழுதி, ஐயாவின் பெயரும் விலாசமும் அவர் அங்கிருந்த வருஷங்களும் தெரிந்தவரை சேர்த்து, சீட்டு எழுதிய தேதியையும் போடட்டும். பழைய மை எழுத்தையும் எடுத்துவிடாமல் அதற்குக் கீழேயே வையுங்கள். அது ஐயாவின் கையெழுத்தா, கடைக்காரர் எழுத்தா என்று பேரேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.